என் சக்களத்தி ஷாஜாதி

என் சக்களத்திக்கு வயது மூன்று. எனக்கு இருபத்திரண்டு. அவளுக்குக் கால் நாலு. எனக்கு இரண்டுதான், அதிலும் ஒன்றில் பித்தவெடிப்பு. அவளுக்கு வயிறு ஒட்டியிருக்கும். எனக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. வயிற்றைப் பற்றிப் பேச வேண்டாம். கான்வென்ட்டில் எங்களுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று சட்டம். அவளோ நெற்றியில் வெள்ளைப் பொட்டோடேயே பிறந்தவள்.

பெயர் ஷாஜாதி. ரஷீத் அஹமது சாயபுவின் பந்தயக் குதிரை.

சாயபுவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப். என் வீட்டுக்காரர் தானியேல் அங்கே தரம் பிரிக்கிற மேஸ்திரி. பதனிட்ட ஆட்டுத்தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்: "முதல் தரம்." "ரெண்டாம் தரம்." "கழிவு." லண்டனுக்குக் கப்பலேறுகிற தோல் எல்லாம் இவர் விரலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

போன வருஷம் ஒரு துரை சீமைக்குத் திரும்பினார். அவரிடம் குதிரை வாங்கப் போன சாயபு இவரையும் கூட்டிப்போனார். இவர் குதிரையின் பல்லைப் பார்க்கவில்லை. குளம்பைப் பார்க்கவில்லை. கழுத்துத் தோலைக் கிள்ளினார். மடித்தார். தேய்த்தார். மோந்தும் பார்த்தார்.

"மொதலாளி, முதல் தரம். மறுபேச்சு வேணாம்."

அதுவரை ஆட்டைக்கூட உரித்த பிறகு மட்டுமே பார்த்தவர், தோலுக்குள் குதிரை இருக்கும்போதே தரம் சொல்லிவிட்டார். சாயபுவும் வாங்கிவிட்டார். லாயம் எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டி இருந்தது. என் குடித்தனம் அன்றோடு மூன்று பேர் குடித்தனம் ஆயிற்று. குழந்தையைச் சேர்த்தால் நாலு.

சாயங்காலம் தோல் ஷாப்பிலிருந்து வந்தால் முதலில் லாயம். அப்புறம் குளியல், அவளுக்கு. அப்புறம் சாப்பாடு, அதுவும் அவளுக்கு.

"இன்னாங்க, இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு."

"பிலோமி, அவ இமையைப் பாத்தியா? ஒவ்வொரு முடியும் எவ்ளோ நீட்டு!"

"மொச்சை போட்டு வெச்சிருக்கேன்."

"குதிரைக்கார வேலு இன்னைக்குக் கொள்ளு கம்மியா வெச்சிருக்கான். பாவம், பசிக்கும்."

"எனக்கும்தான் பசிக்குது."

"நீ சாப்டு. நான் இன்னொரு தடவை தேச்சுவிட்டுட்டு வர்றேன். தோலு பட்டு மாதிரி வருது, பட்டு!"

எனக்கும் தோல் இருக்கிறது. இதுவரைக்கும் யாரும் தரம் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு சகீனா அக்காவிடம் போய் அழுதேன். சக்களத்தி விஷயத்தில் அக்காவுக்கு அனுபவம் உண்டு. அவர் வீட்டுக்காரர் வாணியம்பாடியில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார்.

"அரே, உனக்கு இன்னா குறை? என் சக்களத்தி பேசுவா. உன்னுது பேசாதே!"

"கனைக்குது அக்கா."

"கனைக்கட்டும். நகை கேக்குதா?"

"மணி கேட்டுச்சாம். பித்தளையில. வாங்கிப் போட்டிருக்காரு."

சகீனா அக்கா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப பேஜாருதான்" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். குழந்தைக்கு ஜுரம் வந்த அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போயிற்று. குழந்தை பெயர் சவுரியம்மாள். பெயர் பெரிது, ஆள் ஒரு முழம். மத்தியானம் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் மேலே சொருகினாற்போல் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!" என்று ஆள் விட்டு இவருக்குச் சொல்லி அனுப்பினேன். அரை மணியில் டாக்டரோடு வந்துவிட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. என்ன இருந்தாலும் தகப்பன் தகப்பன்தான் என்று நினைத்தேன்.

வந்தவர் மாட்டு டாக்டர்.

"ஷாஜாதி காலையிலேருந்து ரெண்டு தடவை இருமினா" என்றார் இவர். "அவருக்குத்தான் ஆள் விட்டிருந்தேன். அப்பதான் உன் ஆளும் வந்தான். ஒரே செலவா போவட்டும்னு இப்படியே கூட்டிட்டு வந்துட்டேன்."

அந்த டாக்டர் நல்ல மனுஷர். குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என் படிப்பில் இல்லையம்மா, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். போனேன். ஜுரமும் இறங்கிற்று. ஆனால் என் உள்ளே ஏறியது இறங்கவில்லை.

அடுத்த வாரம் சாயபு வாசலில் வந்து நின்றார்.

"தானியேல்! இந்த சீசன் ஷாஜாதி ஜெயிக்குமா? ஜெயிக்கும்னா நீயே கூடப் போ. சீசன் முடியற வரைக்கும் மெட்ராஸ்ல கிண்டி ரேஸ் மைதானத்துலயே இரு. அவ உன் கையிலதான் திங்கறா."

"எத்தனை மாசம் மொதலாளி?" இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாணப் படத்தில்கூட அந்த முகம் இல்லை.

"மூணு மாசம். ஜெயிக்கலேன்னா அடுத்த வருஷமும் மூணு மாசம். ஜெயிக்கற வரைக்கும் நான் விடப்போறதில்லே. பந்தயம் கட்றது ஹராம். ஒரு தம்பிடி கட்டமாட்டேன். ஆனா அவ ஒரே ஒரு தடவை முதலா வர்றதை நான் பாக்கணும்."

மூன்று மாதம்! குழந்தை தும்மினாலே எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அம்மா இல்லை. ஆற்காட்டில் அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே அண்ணியும் இருக்கிறாள். மூன்று மாதம் தனியாக, அந்த ஒரு முழம் குழந்தையோடு நான் என்ன செய்வேன்?

ஷாஜாதிக்குக் கால் சுளுக்க வேண்டும் என்று ஜெபம் செய்யலாம் என முழங்காலில் நின்றேன். பாதி ஜெபத்தில் பயம் வந்துவிட்டது. குதிரைக்குக் கேடு நினைப்பது பாவமா என்று சாமியாரிடம் கேட்கலாம். ஆனால் கேட்டால் அவரும் குதிரையைப் பார்க்க வருவார். வந்தவர் எல்லாரும் அவளைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். அதுவுமில்லாமல் அவள் தோற்றால் எனக்கு என்ன லாபம்? அடுத்த வருஷம் மறுபடி மூன்று மாதம். அதற்கடுத்த வருஷமும். அவள் ஜெயித்தாலோ, கேட்கவே வேண்டாம். மாலை போட்டு இவர் மடியிலேயே உட்கார வைப்பார்கள்.

ஜெயித்தாலும் நான் கெட்டேன். தோற்றாலும் நான் கெட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கிண்டியிலிருந்து இந்த சீசன் பந்தயங்களின் பட்டியல் வந்தது. முழுக்க இங்கிலீஷ். சாயபுவுக்கு உருது தெரியும். இவருக்குத் தமிழ் தெரியும், தோல் தெரியும். ஆகவே காகிதம் சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்தது. நான் வேலூர் கான்வென்ட்டில் படித்தவள். எதையும் முற்றுப்புள்ளி வரை படி என்பது எங்கள் மதரின் கட்டளை. படித்தேன்.

பாதிப் பக்கத்தில் ஒரு பந்தயம். ஒரு மைல். பெயர் செல்லிங் பிளேட். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு விதி. அதைப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். சிலுவை போட்டுக்கொண்டேன்.

'இப்பந்தயத்தில் முதலாவதாக வரும் குதிரை, பந்தயம் முடிந்த உடனே அதே இடத்தில் ஏலத்தில் விற்கப்படும்.'

அந்த நிமிஷமே ஒரு முடிவுக்கு வந்தேன். என் சக்களத்தியை நான் ஜெயிக்க வைக்கப் போகிறேன்.

"இன்னாங்க," என்றேன். சகீனா அக்கா எங்கள் கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குப் பிடரி சீவிக்கொண்டிருந்தார். "ஷாஜாதிக்கு ஏத்த பந்தயம் ஒண்ணு இருக்கு. சீசன் தொடங்கின முதல் வாரமே."

சீப்பு நின்றது. சுவருக்கு மேலே தலை எழும்பிற்று. "நீயா சொல்ற?"

"நான்தான். போன வருஷம் பத்திரிகையில வந்ததைப் படிச்சுக் காட்டினேனே, ஞாபகம் இருக்கா? முதல் தடவை அஞ்சு பர்லாங் ஓடினா. ஒம்போது குதிரையில ஆறாவது. அடுத்தது ஆறு பர்லாங். நாலாவது. ரெண்டு தடவையும் கிளம்பறப்ப கடைசி. முடியறப்ப முன்னால போனதுங்களுக்கு மூச்சு வாங்குது. இவளுக்கு அப்பதான் சூடே புடிக்குது. இன்னும் ரெண்டு பர்லாங் இருந்திருந்தா எல்லாத்தையும் தாண்டியிருப்பா. இவளுக்கு வேண்டியது எட்டு பர்லாங், ஒரு மைல்."

"ஆனா அவ தோலு..."

"தோலு ஓடாதுங்க. காலுதான் ஓடும். தெனம் காலையில வேலு பாலாத்து மணல்ல ஓட்றப்ப நான் பாக்கறேனே. கிளம்பறப்ப காதைப் பின்னால மடிக்கிறா. ரெண்டு ஜட்கா குதிரைக்கு நடுவுல நிக்கவெச்சா வேர்த்துக் கொட்டுது. ஓரமா நிக்கவெச்சா சாது. சாட்டையைக் காட்டினா முறைச்சுக்கிட்டு நின்னுடறா. கழுத்துல தட்டிக்குடுத்தா பறக்கறா. அதனால ஓட்றவன்கிட்ட சாட்டையைக் குடுக்காதீங்க. வலது முன்னங்கால் துளி உள்ள திரும்பியிருக்கு. லாடக்காரன்கிட்ட சொல்லி அதைச் சரி பண்ணுங்க."

இவர் வாயைத் திறந்தபடியே நின்றார். "இதெல்லாம் எப்ப பாத்தே?"

"நீங்க அவ இமையைப் பாத்துட்டிருந்தப்ப."

பொறாமைக்காரி கண்ணுக்கு மேல் ஒரு கண் கிடையாது என்பது என் அனுபவம். நேசிக்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. எனக்கு அவள் குறை ஒவ்வொன்றும் ஜெபமாலை மணிபோல் மனப்பாடம்.

"அந்தப் பந்தயத்துல ஓட்றதுங்க எப்படி?" என்று கேட்டார்.

"சாதாரணக் குதிரைங்கதான். நல்ல குதிரை வெச்சிருக்கறவங்க அதுல விடமாட்டாங்க."

"ஏன் விடமாட்டாங்க?"

கேட்டுவிட்டாரே! எனக்குப் பொய் சொல்ல வராது. காகிதத்தைப் பிரித்தேன். "அதுல ஒரு விதி இருக்கு. படிக்கறேன், கேளுங்க" என்று தொடங்கினேன். 'முதலாவதாக வரும் குதிரை' என்கிற வரைக்கும் வந்தேன். அங்கே ஷாஜாதி கனைத்தாள்.

இவர் தலை மறைந்துவிட்டது. "வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்! இன்னா வேணும்?"

நான் நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்தபடி முற்றுப்புள்ளி வரைக்கும் தமிழில் உரக்கச் சொன்னேன். மனசாட்சிக்காக இன்னொரு தடவையும் சொன்னேன். "கேட்டுச்சாங்க?"

"ஆமா, ஆமா, முதலா வருவா! முதலாதான் வருவா! தலையை ஆட்டாதே கண்ணு, சிக்கு எடுக்கறேன்!"

சகீனா அக்கா கீரையைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யா அல்லா" என்றார். "எனக்கு இந்த இங்கிலீஷ் தெரியாம போச்சே!"

சாயபுவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவர் வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் குறை, அவள் நிறை, மைல் கணக்கு, ஏல விதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சாயபு வியாபாரி. ஏலம் என்றதும் தாடியைத் தடவினார்.

"ஜெயிச்ச கையோட வித்துட்டா நல்ல வெலைதான். நான் பாக்கணும்னு ஆசைப்பட்டதும் பாத்தாச்சு. சரி, தானியேலுக்கு இது தெரியுமா?"

"ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன் சாயபு."

"கேட்டானா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

சாயபு குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. நல்ல மனுஷர். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கான மூட்டையோடு இவர் புறப்பட்டார். மூட்டையில் இவருக்கு இரண்டு வேட்டி, மிச்சமெல்லாம் அவளுக்கு. ஸ்டேஷனில் குதிரைப் பெட்டியிலேயே ஏறிக்கொண்டார். குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். பதிலுக்கு ஷாஜாதிதான் தலையாட்டினாள்.

பந்தய நாள் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் தோற்றுவிட்டால்? சவுரி இரண்டு தடவை தும்மினாள். இரண்டு தடவையும் சகீனா அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். பகலெல்லாம் ஜெபம். இந்த முறை முழு ஜெபம்: "ஆண்டவரே, அவளை ஓரமாக நிற்க வையும். சாட்டையை மறக்கப் பண்ணும். கடைசி இரண்டு பர்லாங்கில் கைவிட்டுவிடாதேயும்." ஆம்பூரில் அந்தக் குதிரைக்காக அவ்வளவு மனமுருகி யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள், என் வீட்டுக்காரர் உட்பட.

சனிக்கிழமை தந்தி வந்தது. வாசலிலேயே பிரித்தேன். இரண்டே செய்தி. 'ஜெயித்தாள். தனியாக வருகிறேன்.'

சகீனா அக்காவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். நடுவில் நசுங்கிய சவுரி வீறிட்டாள்.

திங்கட்கிழமை காலை இவர் வந்தார். போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. தாடி வளர்ந்திருந்தது. கையில் அந்தப் பித்தளை மணி. தள்ளாடி வந்து நாற்காலியில் விழுந்தார். நான் காபி வைத்தேன்.

"நீ சொன்ன மாதிரியே ஓடினா பிலோமி. கிளம்பறப்ப கடைசி. பாதி தூரத்துல அஞ்சாவது. அப்புறம் ஒவ்வொண்ணா... ஒவ்வொண்ணா... ரெண்டு குதிரை நீளம் முன்னால வந்து நின்னா."

"நல்ல சேதிதானே. அப்புறம்?"

"அப்புறம் ஒரு துரை மேடை மேல ஏறிக் கத்தினாரு. சுத்தி நின்னவங்களும் ஆளாளுக்குக் கத்தினாங்க. எனக்கு இங்கிலீஷா தெரியும்? ஜெயிச்சவளைப் புகழறாங்கன்னு நெனைச்சேன்."

"ஏலம்னு தெரியலையா?"

"ஏலமா! நம்ம ஊர்ல தோலுக்கு எப்படி வெலை பேசறோம்? கையை நீட்டி, மேல துண்டைப் போட்டு மூடிக்கினு, உள்ள விரலைப் புடிச்சுத்தானே? பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது. வெலையைப் போய் ஊரு கேக்க எவனாவது கத்துவானா? மானம் மரியாதை இல்லே?"

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"நானும் சேந்து கத்தினேன்." காற்றில் கிள்ளிக் காட்டினார். "அவ கழுத்தைக் கிள்ளிக் கிள்ளிக் காட்டி 'முதல் தரம்! முதல் தரம்!'னேன். நான் கத்தக் கத்த அவங்களும் ஜாஸ்தியா கத்தினாங்க. எனக்கு ஒரே பெருமை. ஒரு சுத்தியல் சத்தம். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். பெங்களூர்க்காரர் ஒருத்தர் தலைப்பாகையோட வந்து கயித்தைக் கேட்டாரு. சும்மா ஒரு சுத்து நடத்திக் காட்டப் போறாருன்னு நெனைச்சு, 'வெயில்ல கூட்டிட்டுப் போவாதீங்க'ன்னு சொல்லிக் குடுத்தேன். நானே குடுத்தேன், பிலோமி!"

கொஞ்ச நேரம் மணியை உருட்டினார். பிறகு தலை நிமிர்ந்தார்.

"அந்தக் காகிதத்துல இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்குப் படிச்சியா?"

"ரெண்டு தடவை."

"நான் சாட்சி!" சுவருக்கு அப்பாலிருந்து சகீனா அக்காவின் குரல்.

இவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ஒரு தோலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்தார். உள் பக்கம் இப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. காபியைக் குடித்தார். சவுரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த நாலு நாள் என் வாழ்க்கையின் பொற்காலம். தோல் ஷாப்பிலிருந்து நேரே வீடு. கருவாட்டுக் குழம்பு சட்டியோடு காலி. குழந்தை தும்மினால் என்னைவிட முன்னால் இவர் எழுந்தார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "உனக்கும் இமை நீட்டுதான் இல்லே?" என்றார். நான் அன்றைக்கு அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் சாயபு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, தானியேல் விரல் எனக்கு இத்தனை வருஷம் சம்பாதிச்சுக் குடுத்துச்சு. உன் கண்ணு ஒரே நாள்ல அதைத் தாண்டிடுச்சு! குதிரைப் பந்தயம் கட்றதுதான் ஹராம். குதிரை வியாபாரம் ஹலால்தானே? வளக்கறோம், ஒரு தடவை ஜெயிக்க வெக்கறோம், விக்கறோம். சீமைக்குப் போன துரையோட பண்ணையில ஷாஜாதியோட கூடப் பொறந்ததுங்க இன்னும் விக்காம இருந்துச்சு. வாங்கி, இப்பதான் லாயத்துல கட்டிட்டு வர்றேன். தானியேல் வளக்கட்டும். நீ பாத்துச் சொல்லு."

சாயபு பேசி முடிக்குமுன்பே சவுரி என் கைக்கு வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். லாயத்திலிருந்து குரல் மட்டும் கேட்டது: "வேலு! கொள்ளு ஊறப் போடு!"

ஒரு சக்களத்தியை ரயிலேற்றி அனுப்பினேன். அவள் தன் தங்கைகள் இரண்டு பேரை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.